யார் முதலில் நகர்வது?
மேற்கு ஐரோப்பிய முஸ்லிம்கள் பற்றிய அரை நூற்றாண்டு ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

பாரிஸை ஒட்டி, செய்ன் நதித் தீவொன்றில் இருந்த ரெனோ கார் ஆலையில் 1976இல் தொழுகைக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அறை கொடுத்தால் ஆலையில் அமைதி நிலவும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. இடதுசாரித் தொழிற்சங்கமும் முகம் சுளிக்கவில்லை. அல்ஜீரிய, மொராக்கோ, செனகல் தொழிலாளர்களைத் தன் பக்கம் இழுக்க அதுவும் ஒரு வழியாக இருந்தது. அந்த நாட்களில் வந்த சமூகவியல் நூல்களில் இவர்கள் ‘குடியேறிய தொழிலாளர்கள்’ மட்டுமே. கூலி, விடுதி வாடகை, சொந்த ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவைதான் ஆய்வுப் பொருள்கள். தொழுகை ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கமாக ஓர் அடிக்குறிப்பில் அடங்கிவிடும்.

ஏழே ஆண்டுகளில் பேச்சு மாறியது. 1982, 83இல் பாரிஸ் சுற்றுவட்டாரக் கார் ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சோஷலிஸ்ட் பிரதமரான பியர் மொருவா, வேலைநிறுத்தக்காரர்களை மதக் குழுக்கள் தூண்டிவிடுவதாகக் குற்றம் சாட்டினார். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர் இன்று முஸ்லிம் ஆனார். 1987இல் ஜீல் கெப்பெல், பிரான்சின் புறநகர்களில் இஸ்லாம் வேர்பிடித்த கதையைத் தனி நூலாக எழுதினார். துறை பிறந்தது என்று சொல்ல ஒரு தேதி வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் எளிய காரணம் ஒன்று உண்டு. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜெர்மனி 1973இலும் பிரான்ஸ் 1974இலும் புதிய தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தின. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்ததும், தனியாக வந்த ஆண்கள் ஊருக்குத் திரும்பாமல் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். கதவை மூடியதால்தான் குடும்பங்கள் குடியேறின. குடும்பம் வந்ததும் பள்ளிக்கூடம், இறைச்சிக் கடை, மையவாடி எல்லாம் கேள்விகளாயின. ‘எப்போது போவார்கள்?’ என்று கேட்ட சமூகம் ‘எப்படிச் சேர்ந்து வாழ்வார்கள்?’ என்று கேட்கத் தொடங்கியது. அந்தக் கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சொன்ன பதில்களில் எவை நிற்கின்றன, எவை ஆட்டம் காண்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மூன்று வீடுகள், மூன்று வாசல்கள்

மதச்சார்பற்ற மேற்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஜோயல் ஃபெட்சரும் கிறிஸ்டோபர் சோப்பரும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டு நூல் அந்தச் சோம்பலை உடைத்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலும் முஸ்லிம்களின் கோரிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளியில் பிள்ளைகளுக்குச் சலுகை, பள்ளிவாசல் கட்ட அனுமதி, மத அமைப்புக்குச் சட்ட அங்கீகாரம். கிடைத்த பதில்கள்தாம் வேறு வேறு. அவற்றைத் தீர்மானித்தவை முஸ்லிம்களின் எண்ணிக்கையோ அவர்களின் பக்தியோ அல்ல; தேவாலயத்தோடு ஒவ்வொரு அரசும் பழைய காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடுகள் என்பது இருவரின் முடிவு.

பிரிட்டனில் அரசமதம் இன்றும் உண்டு. பிரபுக்கள் சபையில் 26 ஆயர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போவதால் முஸ்லிம் பள்ளிக்கு மறுக்க நியாயம் சொல்ல முடியவில்லை. பாடகராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய யூசுஃப் இஸ்லாம் லண்டனில் தொடங்கிய பள்ளிக்கு 1998இல் அரசு நிதி கிடைத்தது. சலுகைகளுக்குப் பாதை போட்டவர்கள் சீக்கியர்கள். தலைப்பாகை அணிந்து மோட்டார் சைக்கிள் ஓட்ட 1976இல் தனிச் சட்டமே வந்தது. 1983இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் சீக்கியர்களை ஓர் இனக்குழுவாக ஏற்றார்கள். இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் குடைக்குள் சீக்கியரும் யூதரும் வந்துவிட, பல தேசத்தவரான முஸ்லிம்கள் வெளியே நின்றார்கள். சல்மான் ருஷ்டியின் நாவல் 1989 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் எரிக்கப்பட்டதற்கு மதவெறி என்ற ஒரே விளக்கத்தோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் தாரிக் மொதூத் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்: இனப் பாகுபாட்டைப் புரிந்துகொள்ளும் சட்டத்துக்கு மதத்தின் பெயரால் வரும் இழிவு கண்ணில் படவில்லை. தெய்வ நிந்தனைச் சட்டம் அன்று கிறிஸ்தவத்தை மட்டுமே காத்தது. இங்கிலாந்து–வேல்ஸில் 2008இல்தான் அது நீக்கப்பட்டது.

ஜெர்மனியில் தேவாலய வரியை அரசே வசூலித்துக் கொடுக்கிறது. அரசுப் பள்ளிகளில் மதபோதனை அரசியல் சாசன உரிமை. ஆனால் உள்ளே நுழைய, உறுப்பினர் பட்டியலும் பொறுப்பாளர்களும் கொண்ட ஓர் அமைப்பாக வர வேண்டும். தேவாலயத்தின் அளவுக்குத் தைத்த சட்டை அது. ஊர் ஜமாஅத்தாக இயங்கும் இஸ்லாத்துக்கு அது பொருந்தவில்லை. துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் 1961இல் கையெழுத்தானது. ஒரு முஸ்லிம் அமைப்புக்குத் தேவாலயங்களுக்கு நிகரான பொதுச்சட்ட அந்தஸ்து கிடைத்ததோ 2013இல், ஹெஸ்ஸன் மாநிலத்தில். அதுவும் யாருக்கு? மற்ற முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏற்காத அஹ்மதியா ஜமாஅத்துக்கு. உறுப்பினர் கணக்கு, சந்தா, நிர்வாகப் படிநிலை எல்லாம் அவர்களிடம் கச்சிதமாக இருந்தன. நம்பிக்கையில் யார் பெரும்பான்மை என்பது அலுவலக மேசைக்கு முக்கியமில்லை. படிவம் சரியாக நிரம்பியிருக்க வேண்டும்.

1905இன் மறுபக்கம்

பிரான்சின் நிலை வேறு. 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம் மனச்சாட்சியின் சுதந்திரத்துக்கு முதல் பிரிவில் உறுதி தந்தது. எந்த மதத்தையும் அங்கீகரிக்கவோ, சம்பளம் கொடுக்கவோ, மானியம் வழங்கவோ மாட்டேன் என்று இரண்டாம் பிரிவில் சொன்னது. லாயிசிதே என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் அரசுக் கொள்கையின் மூலக்கல் இதுதான். முஸ்லிம்களுக்குப் பாடம் நடத்த இன்று இந்தச் சட்டத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தோடு முதலில் ஒத்துப்போக மறுத்தவர்கள் கத்தோலிக்கர்கள். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1906இல் அதைக் கண்டனம் செய்தார். தேவாலயச் சொத்துகளைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிகளை மக்கள் தடுத்தார்கள். வடக்கே ஒரு கிராமத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறக்க, அமைச்சரவையே கவிழ்ந்தது. அரசு பின்வாங்கியது. புதிய சட்டப்படி சங்கம் பதிவு செய்யாவிட்டாலும் தேவாலயக் கட்டடங்களை வழிபாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1907இல் விட்டுக்கொடுத்தது. 1924இல் வத்திக்கான் ஒரு சமரச ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் பிறந்த பேரம் அது. இன்றும் 1905க்கு முந்திய தேவாலயங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சிகளின் சொத்து. கூரை ஒழுகினால் பொதுப்பணத்தில் பழுது பார்க்கிறார்கள். 1905இல் ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ்–மொசெல் பகுதிக்கு அந்தச் சட்டம் இன்றுவரை பொருந்தாது. அங்கே பாதிரியாருக்கு அரசே சம்பளம் தருகிறது.

காலனிகளின் கதை இன்னும் சிக்கலானது. அல்ஜீரியாவுக்கு 1907இல் சட்டத்தை நீட்டித்த அரசு, கூடவே விதிவிலக்கையும் வைத்துக்கொண்டது. இமாம்களை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் தொடர்ந்தன. ஏனென்றால் பள்ளிவாசலைக் கைக்குள் வைத்திருப்பது ஆட்சிக்கு வசதி. மதத்தையும் அரசையும் பிரித்துவிடுங்கள் என்று அங்கே கேட்டவர்கள் 1931இல் உருவான அல்ஜீரிய உலமாக்கள் சங்கத்தினர், மறுத்தது குடியரசு. இந்த முரண், லாயிசிதேயை முஸ்லிம்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று மேடையில் முழங்குபவர்களின் பேச்சில் ஒருபோதும் வருவதில்லை.

குடியுரிமையிலும் இதே கதை. 1865ஆம் ஆண்டு ஆணைப்படி அல்ஜீரிய முஸ்லிம் பிரெஞ்சு நாட்டவர். ஆனால் குடிமகனாக வேண்டுமானால் மணம், சொத்துரிமை பற்றிய தன் தனிச்சட்டத்தைக் கைவிட வேண்டும். அப்படிக் கைவிட்டவர்கள் மிகச் சொற்பம். அதே பிரான்ஸ் செனகலின் நான்கு நகரங்களில் பிறந்த முஸ்லிம்களை, தனிச்சட்டத்தை வைத்துக்கொண்டே முழுக் குடிமக்களாக 1916இல் சட்டமியற்றி ஏற்றது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் தம் சாதி, மத வழக்கங்களை விடாமலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாக்களித்தார்கள். தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பியவர்களுக்கு 1881இல் வழி திறக்கப்பட்டது. ‘ரெனோன்சான்’ குடும்பங்கள் அந்த வழியே போனவை. ஆக, இஸ்லாமியச் சட்டமும் பிரெஞ்சுக் குடியுரிமையும் சேர முடியாதவை என்பது கொள்கை அல்ல. குடியேறி வந்த ஐரோப்பியர்கள் நிலம் பிடித்திருந்த அல்ஜீரியாவில், எண்ணிக்கை குறித்த அச்சத்தில் பிறந்த ஏற்பாடு அது.

ஒரு துணி, இரண்டு ஆய்வுகள்

1989 இலையுதிர்காலத்தில், பாரிஸுக்கு வடக்கே கிரெய் என்ற ஊரில், முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று மாணவிகளைப் பள்ளி வெளியேற்றியது. நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், மத அடையாளம் அணிவது மட்டும் லாயிசிதேக்கு முரணாகாது; பிரச்சாரம், வற்புறுத்தல், வகுப்புக்கு இடையூறு இருந்தால்தான் தடுக்கலாம் என்று அந்த நவம்பரில் கருத்துரைத்தது. 1994இல் கல்வி அமைச்சரின் சுற்றறிக்கை கெடுபிடியைக் கூட்டியது. 2003இல் பெர்னார் ஸ்டாஸி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. வரலாற்றாளர் பத்ரிக் வேய், அல்ஜீரியாவில் பிறந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் முகமது அர்கூன் போன்றோர் அதில் இருந்தார்கள். பள்ளிகளில் மத அடையாளத்தைத் தடைசெய்யும் பரிந்துரை மீது வாக்களிக்காமல் விலகியவர் ஒருவரே: லாயிசிதேயின் வரலாற்றை வாழ்நாளெல்லாம் ஆய்ந்த ஜான் போபெரோ. அந்தத் தடை 2004 மார்ச் 15இல் சட்டமானது. நாடாளுமன்றக் கீழவையில் ஆதரவாக 494 வாக்குகள், எதிராக 36.

இதைப் பற்றி எழுதிய இரண்டு அமெரிக்க நூல்கள் 2007இல் வெளிவந்தன. வரலாற்றாளர் ஜோன் ஸ்காட் காலனிய நினைவையும் பெண்ணுடல் பற்றிய பிரெஞ்சுக் கற்பனையையும் தோண்டினார். மானுடவியலாளர் ஜான் போவன் அமைச்சக அலுவலகங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் புறநகர்ப் பள்ளிகளிலும் அலைந்து, நியாயமான மனிதர்கள் எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று விளக்கப் பார்த்தார். ஸ்காட்டின் நூல் வழக்கறிஞர் வாதம் போல் கூர்மையானது. போவனின் நூல் சாட்சியம் போல் பொறுமையானது. எனக்குப் போவன்தான் நெடுநாள் பயன்பட்டார்.

ஆனால் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? அதைக் கணக்குப் போட்டு விடை தேட பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்த விடைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆலா அப்தெல்காதிர், வாசிலிகி ஃபூகா இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 2004இல் பள்ளியில் இருந்த வயதினரையும் அதற்கு முன்பே பள்ளியை விட்டவர்களையும் ஒப்பிட்டது. முஸ்லிம் நாட்டுப் பின்னணியுள்ள பெண்களில், தடைக்கு ஆளான தலைமுறை மேல்நிலைப் படிப்பை முடிப்பது குறைந்தது; வேலைவாய்ப்பிலும் அந்த அடி தெரிந்தது என்பது அவர்கள் முடிவு. பள்ளியில் பாகுபாட்டை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் கூடினார்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் எரிக் மொரானும் நிக்கோலாஸ் நவர்ரெத்தும் 1994 சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிந்திய தலைமுறையில் அதே பின்னணியுள்ள பெண்களின் படிப்பு உயர்ந்தது, மற்றவர்களோடு இருந்த இடைவெளி சுருங்கியது என்றார்கள்.

யார் சொல்வது சரி? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எந்தப் பெண் முக்காடு அணிந்தாள், எவள் அணியவில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியாது. பிரெஞ்சுப் புள்ளிவிவரத்தில் மதம் வழக்கமாகக் கேட்கப்படுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடைசியாகக் கேட்டது 1872இல். எனவே தந்தை எந்த நாட்டில் பிறந்தார் என்பதை வைத்து மகளின் மதத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெர்பர் நாத்திகரின் மகளும் தப்லீக் தொண்டரின் மகளும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். இன்னொன்று, 1994இல் முடிவு தலைமை ஆசிரியர் கையில் இருந்தது. பேசித் தீர்க்க இடமிருந்தது. நீதிமன்றம் பல வெளியேற்றங்களை ரத்தும் செய்தது. 2004இல் அந்த நெகிழ்வு போய்விட்டது. பேச்சுக்கு இடமிருந்த கெடுபிடி ஒரு விளைவையும் பேச்சற்ற தடை வேறொரு விளைவையும் தந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; இரண்டு ஆய்வுகளையும் பொய்யாக்காமல் படிக்க அதுவே வழி. சட்டம் வந்த முதல் ஆண்டில் முறைப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அவர்களில் தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவர்களும் உண்டு. தாமாக விலகியவர்களும், கழற்றிவிட்டுக் கசப்போடு உட்கார்ந்திருந்தவர்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1994இல் லில் நகரப் பள்ளியொன்றிலிருந்து முக்காட்டுக்காக வெளியேற்றப்பட்ட மாணவிகளுக்கு உள்ளூர்ப் பள்ளிவாசலில் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2003இல் திறந்த அவெரோஸ் தனியார் பள்ளி. கத்தோலிக்கப் பள்ளிகளைப் போல அரசு ஒப்பந்தத்தின் கீழ் ஆசிரியர் சம்பளம் 2008இலிருந்து கிடைத்தது. தேர்வு முடிவுகளில் நல்ல பெயர் எடுத்தது. குடியரசின் விழுமியங்களுக்கு மாறாகக் கற்பிக்கிறார்கள் என்று சொல்லி அரசு அந்த ஒப்பந்தத்தைப் பின்னர் முறித்தது. 2025 ஏப்ரலில் லில் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. வெளியே தள்ளியதால் தனியாகப் போனார்கள். தனியாகப் போனதால் சந்தேகத்துக்கு ஆளானார்கள்.

கதீஜாவும் மாரியும்

இந்தத் துறையில் வந்த சோதனைகளில் மிகவும் நேர்த்தியானது கிளேர் அடிடா, டேவிட் லெய்ட்டின், மாரி-ஆன் வல்ஃபோர் மூவரும் 2009இல் பிரான்சில் நடத்தியது. பாகுபாடு என்று யாராவது சொன்னால் உடனே எழும் மறுப்பு இது: அது மதத்தாலா, நிறத்தாலா, வறுமையாலா, எப்படிப் பிரித்தறிவீர்கள்? மூவரும் செனகல் பக்கம் திரும்பினார்கள். அங்கே செரேர், ஜோலா என்ற இரு இனக்குழுக்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரே மொழி, ஒரே நிறம், பிரான்சுக்கு வந்ததும் ஒரே காலத்தில். வேறுபாடு மதம் ஒன்றே.

மூன்று கற்பனைப் பெண்களின் பெயரில் வேலைக்கு விண்ணப்பங்கள் போயின. கதீஜா தியூஃப், மாரி தியூஃப், ஒப்பீட்டுக்காக ஒரேலி மெனார் என்ற பிரெஞ்சுப் பெயர். தியூஃப் என்ற குடும்பப் பெயர் செனகலைக் காட்டிக்கொடுக்கும். கதீஜா இஸ்லாமியத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மாரி கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில். மற்றபடி படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றே. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது மாரிக்கு 21 விழுக்காடு, கதீஜாவுக்கு 8. இதோடு நடத்திய குடும்பக் கணக்கெடுப்பில், முஸ்லிம் செனகலியக் குடும்பத்தின் மாத வருமானம் கிறிஸ்தவச் செனகலியக் குடும்பத்தைவிடச் சுமார் 400 யூரோ குறைவாக இருந்தது. லெபனான் பின்னணியுள்ள பெயர்களை வைத்து வல்ஃபோர் பின்னர் தனியாகச் செய்து 2015இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மதப்பற்றைக் காட்டிக்கொண்ட முஸ்லிம் ஆணுக்கு, அதேபோல் காட்டிக்கொண்ட கத்தோலிக்க ஆணைவிட அழைப்பு கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

மூவரும் 2016இல் எழுதிய நூல் இத்தோடு நிற்கவில்லை. பாரிஸின் 19ஆம் வட்டாரத்தில் உள்ளூர்க்காரர்களையும் செனகலியர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பணம் பகிரும் விளையாட்டுகளை ஆடவிட்டார்கள். அறையில் முஸ்லிம்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்குக் கொடுத்த தொகை குறைந்தது. மறுபுறம், முஸ்லிம்களும் பிரெஞ்சு நிறுவனங்களை நம்பாமல் ஒதுங்கினார்கள். பெண்கள் பற்றிய கருத்துகளில் உள்ளூராரிடமிருந்து விலகி நின்றார்கள். பூர்வீக நாட்டோடு ஒட்டுதல் தலைமுறை தாண்டியும் குறையவில்லை. இவர்கள் ஒதுங்குவதால் அவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் அஞ்சுவதால் இவர்கள் ஒதுங்குகிறார்கள். அவரவர் நிலையில் அவரவர் நடத்தை நியாயமானதே. எனவே தனியாக மாறுபவருக்கு இழப்பு மட்டுமே மிச்சம். இந்த இறுக்கத்தை நூல் ‘பாகுபாட்டுச் சமநிலை’ என்கிறது.

எதிர்வாதமும் வலுவானது. பெர்லினில் பணியாற்றும் டச்சுச் சமூகவியலாளர் ரூட் கூப்மன்ஸ், நாட்டு மொழி அறிவு, வெளியாரோடு நட்பு, பெண் வேலைக்குப் போவது பற்றிய மனப்பான்மை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால் முஸ்லிம்களின் வேலையின்மை இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது என்கிறார். தாராள நலத்திட்டமும் தாராளப் பன்மைப் பண்பாட்டுக் கொள்கையும் ஒருங்கே உள்ள நாடுகளில் ஒன்றுகலப்பு பின்தங்குகிறது என்பதும் அவர் வாதம். வெளியாரோடு நட்பு இல்லாதது காரணமா, விளைவா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். கதவு திறக்காத வீட்டில் நட்பு எப்படி வளரும்? ஆனாலும் கூப்மன்ஸை வலதுசாரி என்று முத்திரை குத்தி ஒதுக்குவது ஆய்வாகாது. மனைவி வேலைக்குப் போகாத வீட்டின் வருமானம் குறையும் என்பது கணக்கு. அதைச் சொன்னவரின் அரசியல் பிடிக்காததால் கூட்டல் மாறிவிடாது.

அளவுகோலைப் பிடித்திருப்பது யார்?

கோட்பாட்டாளர்கள் வேறு திசையில் நடந்தார்கள். 2003இல் தலால் அஸத், மதச்சார்பின்மை என்பது மதம் விலகிய வெற்றிடம் அல்ல; எது மதம், அது எங்கே நிற்க வேண்டும் என்று அரசு வரையறுக்கும் அதிகாரம் என்றார். (இவர் தந்தை முகமது அஸத், யூதராகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவி, குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றியதில் வியப்பில்லை.) சபா மஹ்மூத் கெய்ரோ பள்ளிவாசல் பெண்களிடையே ஆய்வு செய்து, பணிவும் ஒரு தன்முனைப்பு ஆகலாம் என்று காட்டினார். மாயந்தி ஃபெர்னாண்டோ 2014இல் அந்த வெளிச்சத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்: நான் பிரெஞ்சுக்காரி, முஸ்லிம், இரண்டும் தனித்தனி அல்ல என்று சொல்லும் இளைஞர்களைக் குடியரசுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றார். இந்தப் பள்ளியின் பலம் கூர்மை. பலவீனம், பக்தியுள்ளவர் மீதே கண் வைப்பது. ரமலானில் நோன்பு பிடித்து, மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமைகூடத் தொழப் போகாத பெருங்கூட்டம் இந்த நூல்களில் தலைகாட்டுவதே இல்லை.

பிரான்சுக்குள்ளே பெரும் சண்டை ஒலிவியே ருவாவுக்கும் கெப்பெலுக்கும். பெற்றோரின் பண்பாட்டிலிருந்து அறுந்துபோன மதமே புதிய தலைமுறையின் மதம்; அது மரபின் தொடர்ச்சி அல்ல, மேற்குமயமாதலின் விளைவு என்பது ருவாவின் நிலை. நூல்களையும் போதகர்களையும் புறநகர் வலைப்பின்னல்களையும் படிக்காமல் எதையும் விளக்க முடியாது என்பது கெப்பெலின் நிலை. 2015 பாரிஸ் தாக்குதல்களுக்குப் பின் இந்த விவாதம் பத்திரிகைப் பக்கங்களில் பகையாகவே முற்றியது. அதில் இழப்பு துறைக்குத்தான். பயங்கரவாதத்தில் இறங்கிய சிலரை விளக்கப் பிறந்த கோட்பாடுகள், பல லட்சம் பேரின் அன்றாடத்தை அளக்கப் பயன்பட்டன.

ராஜர்ஸ் புரூபேக்கர் 2013இல் ஒரு சிறு கட்டுரையில் எச்சரித்தது இங்கேதான் பொருந்துகிறது. அரசும் ஊடகமும் பயன்படுத்தும் ‘முஸ்லிம்’ என்ற வகைப்பாட்டை ஆய்வாளர் அப்படியே எடுத்துக்கொண்டால், ஒருவருடைய வேலையின்மை, குடியிருப்பு, குடும்பச் சண்டை எல்லாமே மதத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். டச்சுச் சமூகவியலாளர் வில்லெம் ஸ்கின்கெல் இன்னும் ஒருபடி போய், ஒருங்கிணைதல் என்ற அளவீட்டையே கைவிடச் சொல்கிறார். ஏழை வெள்ளையரின் பிள்ளை வேலையற்றிருந்தால் அது வறுமை. துருக்கியரின் பேரன் வேலையற்றிருந்தால் அது ஒன்றுகலக்காமை. முன்னவரை இந்தத் தேர்வுக்கு உட்காரவைப்பதே இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு நியாயம். ஆனால் அளவீட்டைத் தூக்கியெறிந்தால் கதீஜாவின் 8 விழுக்காடும் சேர்ந்தே போய்விடும். பாகுபாட்டை நிரூபிக்க வகைப்பாடு வேண்டும். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து–வேல்ஸ் மக்களில் 6.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள் என்று பிரிட்டனால் சொல்ல முடிகிறது. எந்தப் பகுதியில் எத்தனை பேர் வீட்டில் இடமில்லாமல் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்றும் சொல்ல முடிகிறது. பிரான்சில் 2019–20இல் நடந்த ஒரு சிறப்பு மாதிரி ஆய்வுதான், 18 முதல் 59 வயதுக்காரர்களில் 10 விழுக்காட்டினர் தம்மை முஸ்லிம் என்றும் 51 விழுக்காட்டினர் மதமற்றவர் என்றும் சொன்னதைத் தெரிவித்தது.

மண்ணும் மையத்தும்

பள்ளிவாசலையும் முக்காட்டையும் சுற்றியே எழுதிக்கொண்டிருந்த துறை, அண்மையில்தான் மையவாடிப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒருவர் தன்னை எந்த மண்ணில் அடக்க வேண்டும் என்று சொல்கிறார் என்பதைவிட நேர்மையான கருத்துக்கணிப்பு இல்லை. ஒஸ்மான் பால்கன் 2023இல் வெளியிட்ட நூலுக்காக ஜெர்மனியின் முஸ்லிம் மையத்துப் பணியாளர்களோடு பழகி, இறந்தவரை ஊருக்கு அனுப்புவதா இங்கேயே அடக்குவதா என்ற குடும்பப் பேச்சுகளைப் பதிவு செய்தார். முதல் தலைமுறைக்காரர் மாதச் சந்தா கட்டி, மையத்தை விமானத்தில் அனுப்பும் நிதியில் சேர்ந்திருப்பார். பிள்ளைகளோ, அத்தாவின் கபுர் பக்கத்தில் இருந்தால் போய் ஃபாத்திஹா ஓதலாம் என்பார்கள்.

இங்கேயே அடக்க நினைத்தாலும் சட்டம் குறுக்கே வரும். பெட்டியில் வைத்துத்தான் புதைக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் பல மாநிலங்களில் நெடுநாள் விதி. கஃபன் துணியில் சுற்றி அடக்க பவேரியாவில் 2021இல்தான் வழி பிறந்தது. கல்லறை இடம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகை, முடிந்தால் வேறொருவருக்கு. எழுப்பப்படும் நாள்வரை அசையாமல் கிடக்க வேண்டும் என்று நம்புகிறவருக்கு அது பெரும் உறுத்தல். பிரான்சில் இடுகாட்டை மதவாரியாகப் பிரிப்பதை 1881ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. கத்தோலிக்கக் குருமாரின் பிடியைத் தளர்த்த வந்த சட்டம் அது. பின்னாளில் கிப்லா நோக்கிய கபுர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்க மேயர்களைச் சுற்றறிக்கைகள் ஊக்குவித்தன, கட்டாயப்படுத்த முடியாது. ஒரு மேயர் தருவார், பக்கத்து ஊர் மேயர் மறுப்பார். காலனி ஆட்சிக்காலத்தில், 1937இல், பாரிஸ் ஓரத்திலுள்ள பொபிஞ்ஞியில் முஸ்லிம்களுக்கென்றே முழு மையவாடி ஒன்றை அரசே அமைத்தது. 2020இல் கொரோனா பரவி எல்லைகள் மூடியபோது வட ஆப்பிரிக்காவின் மக்ரிபு நாடுகளுக்கு மையத்துகளை அனுப்ப முடியாமல் போயிற்று. உள்ளூரில் இடமும் போதவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒன்றுகலக்கவில்லை என்று குறை சொல்லப்பட்டவர்கள், இறந்தபின் இந்த மண்ணையே கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அரசு எங்கே நகர்ந்தது?

பாகுபாட்டுச் சமநிலை என்ற கருத்தை ஏற்றால், ஒரு முடிவிலிருந்து தப்ப முடியாது. முதலாளியும் விண்ணப்பதாரரும், அண்டை வீட்டுக்காரரும் குடியேறியவரும் தனித்தனியாக மாற மாட்டார்கள். மாறினால் நட்டம் அவருக்கே. இறுக்கத்தை உடைக்கும் வலு நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. கத்தோலிக்கரோடு பிரெஞ்சு அரசு 1907இலும் 1924இலும் செய்தது அதைத்தான்: கொள்கையை விடாமல், படிவத்தை மாற்றியது.

முஸ்லிம்கள் விஷயத்தில் அரசுகள் நகரவே இல்லை என்று சொல்வதும் தவறு. ஜொனதன் லாரன்ஸ் 2012இல் விரிவாக எழுதியதுபோல், ஐரோப்பிய அரசுகள் ‘தேசிய இஸ்லாம்’ உருவாக்கப் பெரும் உழைப்பைப் போட்டன. பிரான்சில் சர்கோசி உள்துறை அமைச்சராக இருந்தபோது 2003இல் முஸ்லிம் பேரவை, ஜெர்மனியில் 2006இல் வொல்ஃப்காங் ஷோய்பிளே கூட்டிய இஸ்லாம் மாநாடு, 2022இல் பிரான்சில் பழைய பேரவையை ஓரங்கட்டிவிட்டுப் புதிய மன்றம். எல்லாமே பேச ஓர் ஆளைத் தேடிய முயற்சிகள். ஆனால் மேலே பார்த்த ஆய்வுகள் உராய்வை வேறிடங்களில் காட்டுகின்றன: விண்ணப்பத்தைப் புரட்டும் மேலாளரின் மேசையில், பள்ளி வாசலில், நகராட்சி இடுகாட்டில். அமைச்சரோடு கைகுலுக்கும் முஃப்தியால் கதீஜாவுக்கு நேர்காணல் வாங்கித் தர முடியாது.

துறையின் அடுத்த வேலை இதில்தான் இருக்கிறது. முஸ்லிம்களின் மனதை அளக்கும் கேள்வித்தாள்கள் போதுமான அளவு வந்துவிட்டன. கபுருக்கு இடம் தந்த ஊரில் ஊருக்கு மையத்தை அனுப்பும் வழக்கம் குறைந்ததா? பெயரில்லா விண்ணப்பம் கட்டாயமான நிறுவனத்தில் பத்தாண்டுக்குப் பின் யார் மேலாளர்? பேசித் தீர்த்த தலைமை ஆசிரியரின் பள்ளியில் படித்த பெண் இன்று எங்கே வேலை பார்க்கிறாள்? நிறுவனம் நகர்ந்த இடங்களைத் தேடிப் போய், அதன்பின் மனிதர்கள் நகர்ந்தார்களா என்று பார்க்க வேண்டும். நகரவில்லை என்று தெரிந்தால் கூப்மன்ஸ் வென்றார் என்று ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சோதனையே நடக்காத வரை, ஒன்றுகலக்க மறுப்பது யார் என்ற தீர்ப்பை எழுத யாருக்கும் உரிமையில்லை.